தகரப் பெட்டிக்குள் இருந்த 444 ஆட்டங்கள்

எங்கள் ஊர்க் கபடி அணியின் ஆட்டக் கணக்கை எழுதிய பலகையை மாட்டி இன்றோடு பதினெட்டு நாள். தினமும் விடிகாலைப் பனியில் நனைகிறது, பகலில் வெயில் அடிக்கிறது. பெயிண்ட் எங்கும் கொப்பளிக்கவில்லை, எண் தகடு ஒன்றுகூட விழவில்லை. இரண்டு முறை பாழாகி, மூன்றாவது முறை நின்றிருக்கிறது. இனி இதை எழுதி வைக்கலாம்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். எங்கள் கபடி அணி 1996இல் இருந்து மின்னொளிப் போட்டிகளுக்குப் போய் வருகிறது. அலங்காநல்லூர், சோழவந்தான், நிலக்கோட்டை, உசிலம்பட்டி, சில வருடம் மேலூர் வரைக்கும். அணிக்கு நோட்டு எழுதியவர் என் சித்தப்பா. அவர் ஆடியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட்டுக்கு வெளியே குந்தி, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, யார் இறங்கினார், யார் மாற்றாக வந்தார், எத்தனைக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டே இருப்பார். 2020இல் தவறிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை.

2025 மே மாதம் அவருடைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே ஒன்பது நீள நோட்டுகள். ஓடு உடைந்து எத்தனையோ மழை இறங்கியிருக்கிறது. மேலே இருந்த இரண்டு நோட்டும் ஊறிப்போய் அடை மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஊர்ப் பையன்கள் 2014இல் புரோ கபடி லீக் வந்ததில் இருந்தே டிவியில் ரைடு புள்ளி, பிடிப் புள்ளி என்று பார்த்து வளர்ந்தவர்கள். 2017இல் தமிழ் தலைவாஸ் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். "நம்ம ஊர் ஆளுங்க எத்தனை மேட்ச் ஆடிருக்காங்க மாமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல எதுவும் இருந்ததில்லை. பெட்டியைப் பார்த்ததும், பதில் இங்கேதான் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் தப்பை அன்றைக்கே செய்தேன். ஈர நோட்டுகளை நெல் களத்தில் வெயிலில் விரித்துவிட்டேன். சித்திரை வெயில், அரை நாளில் காய்ந்துவிடும் என்று நம்பினேன். மேல் தாள் காய்ந்து சுருண்டது, அடித்தாள் ஈரமாகவே இருந்தது. சுருண்ட தாள் அடித்தாளின் எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. பதினோரு பக்கம் போயிற்று. அந்தப் பதினோரு பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

பிறகு நிழலுக்கு மாற்றினேன். திண்ணையில் மேஜை ஃபேன், குறைந்த வேகம். ஐந்து தாளுக்கு ஒரு தாள் செய்தித்தாள் வைத்தேன். அதன் மை நோட்டில் படிய ஆரம்பித்தது. வாடிப்பட்டி அச்சகத்தில் அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட் ஒரு கிலோ தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கி வந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினேன். மேலே பலகை வைத்து அதன் மேல் இரண்டு செங்கல். ஒன்பது நாள் ஆயிற்று. ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க ஸ்டீல் ஸ்கேல் சரிப்படவில்லை, கிழிக்கிறது. தென்னை ஈர்க்கைத் தட்டையாகச் சீவி, முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, ஓரத்தில் இருந்து உள்ளே நகர்த்தினால் தாள் தானாகக் கழன்று வந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கருவி அந்த ஈர்க்குதான். காசு இல்லை, கை அறியும்.

சித்தப்பா பெரும்பாலும் பால் பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார். தண்ணீர் பட்டும் அது நின்றது. எங்கே மங்கியிருந்ததோ அங்கே இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து அடித்தேன். பேனா அழுத்திய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பியது. அப்படியே இன்னொரு போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படித்தேன். 2004, 2005இல் மட்டும் யாரோ ஜெல் பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வருடமும் நீலக் குளம். ஜெல் பேனா தாளை அழுத்துவதில்லை, பள்ளமும் இல்லை. நல்லவேளை, ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கங்களிலும் ஊர், தேதி, எதிரணி, முடிவு என்று ஒரு வரிப் பட்டியல் வைத்திருந்தார், அது பால் பாயிண்ட். அதனால் முடிவுகள் எல்லாம் கிடைத்தன. 73 ஆட்டங்களுக்கு யார் யார் ஆடினார்கள் என்பது மட்டும் கிடைக்கவில்லை.

கணக்கை அக்கா மகனுடைய லேப்டாப்பில் எக்செல்லில் ஏற்றினோம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. தேதி, ஊர், சுற்று, எதிரணி, நம் புள்ளி, அவர்கள் புள்ளி, இறங்கிய ஏழு பேர், மாற்று ஆட்கள், பனிரெண்டு பேரில் மீதி. மாலை ஏழில் இருந்து ஒன்பது வரை நான் வாசிக்க, அவன் அடிப்பான். ஐந்து வாரம்.

இங்கே இரண்டாவது தப்பு. 2001 வரை சித்தப்பா பெயர் எழுதினார். அந்த வருடம் நம்பர் பனியன் வந்ததும் நெஞ்சு நம்பரை மட்டும் எழுத ஆரம்பித்துவிட்டார். நானும் நம்பரை வைத்தே எண்ணினேன். 5ஆம் நம்பருக்கு 310 ஆட்டம் வந்தது. ஆகா, இவர்தான் நம் ஊர் சாதனையாளர் என்று டீக்கடையில் சொல்லியும் விட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், 5ஆம் நம்பர் போட்டவர் 2006இல் திருப்பூருக்கு வேலைக்குப் போனவராயிற்றே. பார்த்தால் அந்தப் பனியனை அடுத்தடுத்து மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் நம்பருக்கு நேராகப் பெயர் எழுதிய பக்கம் இருந்தது. அதைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி பெயராக மாற்ற நான்கு நாள்.

பெயரிலும் சிக்கல். ஒரே ஆளை இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், பட்டப்பெயரில் என்று மூன்று விதமாக எழுதியிருந்தோம். எக்செல் அவரை மூன்று ஆளாக எண்ணியது. கடைசியில் ஒவ்வொரு ஆளுக்கும் 101, 102 என்று ஒரு எண் கொடுத்து, ஆட்ட வரியில் அந்த எண்ணை மட்டும் அடித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

எண்ணுவது பெரிய வேலை இல்லை. எதை எண்ணுவது என்பதுதான் எங்களை ஒரு மாதம் உட்கார வைத்தது.

ஒருவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்றால் என்ன அர்த்தம்? கபடியில் பனிரெண்டு பேர் போவோம், ஏழு பேர் இறங்குவோம், மீதி ஐவர் வெளியே. வெளியே இருந்தவருக்கு அந்த ஆட்டம் உண்டா? முதலில் நான் பனிரெண்டு பேருக்கும் ஒன்று போட்டுவிட்டேன். எங்கள் பழைய கேப்டன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கோட்டுக்குள்ள கால் வச்சவனுக்குத்தான்பா ஆட்டம். வெளிய நின்னவனுக்கு வேற கணக்கு வை" என்றார். அவர் சொன்னது சரி. கிரிக்கெட்டிலும் அப்படித்தானே. 2005 ஆஷஸ் டெஸ்ட் தொடரில், டிரெண்ட் பிரிட்ஜ் மைதானத்தில் ஆஸ்திரேலியக் கேப்டன் ரிக்கி பாண்டிங்கை ரன் அவுட் ஆக்கிய இங்கிலாந்தின் கேரி பிராட் மாற்று ஃபீல்டராக வந்தவர். அந்த எறி அந்தத் தொடரில் எல்லாரும் பேசிய எறி. ஆனால் அவர் கணக்கில் ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது. பதினோரு பேரில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

விதி அதுவாக இருக்கட்டும் என்றாலும் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் டைலர் அண்ணனை நினைத்துக்கொண்டேன். அணிக்குப் பனியன் தைத்தவர், நெஞ்சு நம்பரை வெட்டி ஒட்டித் தைத்தவர், 11ஆம் நம்பர். நோட்டில் பனிரெண்டு பேர் பட்டியலில் 212 முறை அவர் பெயர் இருந்தது. களத்தில் இறங்கியது 38. ஆட்டம் என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் 38 மட்டும்தான் தெரியும். வெளியே உட்கார்ந்திருந்த மீதி 174 ஆட்டங்களுக்கும், இரவு இரண்டு மணிக்கு நிலக்கோட்டையில் இருந்து லாரிப் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்த இரவுகளுக்கும் இடம் இருக்காது. அதனால் பலகையில் ஒருவருக்கு மூன்று கட்டம் என்று முடிவு செய்தேன். அணியில், களத்தில், வெற்றி. பலகையில் ஏற 50 முறை களத்தில் இறங்கியிருக்க வேண்டும், அல்லது 100 முறை அணியோடு போயிருக்க வேண்டும். இரண்டாவது விதி அவருக்காகவே போட்டது. அதில் இன்னும் நான்கு பேர் உள்ளே வந்தார்கள், எல்லாரும் அதற்குத் தகுதியானவர்கள். மொத்தம் 34 பேர்.

அடுத்தது வாக் ஓவர். எதிரணி வராமல் நாம் அடுத்த சுற்றுக்குப் போனது 22 முறை. நாம் போகாமல் விட்டுக்கொடுத்தது 4 முறை. யாரும் பாடிப் போகாத ஆட்டம் எப்படி ஆட்டமாகும்? இரண்டையும் எடுத்துவிட்டேன். இதில் கேப்டன் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவருக்கு 22 வெற்றி போகிறதே என்று வருத்தம். "வெற்றியை எடுத்தா தோல்வியையும் எடுக்கணும்ணே, ரெண்டுக்கும் ஒரே விதி" என்று சொன்ன பிறகு சரி என்றார்.

சமனில் முடிந்து, அணிக்கு ஐந்து ரைடு கொடுத்து முடிவு செய்த ஆட்டங்கள் 11. இதற்கு மற்ற விளையாட்டுகளில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தேன். 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவும் பிரான்சும் 3–3. பெனால்டியில் 4–2 என்று அர்ஜென்டினா கோப்பையை எடுத்தது, ஆட்டக் கணக்கில் அது டிரா. 2019இல் லார்ட்ஸில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியும் அப்படியே. 241க்கு 241, சூப்பர் ஓவரிலும் 15க்கு 15, பவுண்டரி எண்ணிக்கையில் கோப்பை இங்கிலாந்துக்கு. ஆட்டக் கணக்கில் டை. ஆனால் கபடியில் அந்த ஐந்து ரைடும் அதே ஏழு பேர் அதே கோட்டுக்குள் ஆடுவது. பெனால்டி போல வேறு ஒரு போட்டி அல்ல. அதனால் ஏழு வெற்றி, நான்கு தோல்வி என்றே வைத்தோம். வேறு அணி வேறு மாதிரி எழுதலாம். எந்த விதியில் எழுதினோம் என்பதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

மழையாலோ, கரண்ட் போயோ, தகராறாலோ பாதியில் நின்ற ஆட்டம் 6. ஆடியவருக்கு ஆட்டம் உண்டு, முடிவு கிடையாது.

இப்போது சரிபார்ப்பு. எனக்கு இந்த வேலையிலேயே பெரிய சந்தோஷம் கிடைத்த இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராமத்துப் போட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே நாக் அவுட். நாக் அவுட்டில் ஒரு அணி ஒரு போட்டியில் ஒரே ஒரு முறைதான் தோற்க முடியும். தோற்றால் வீட்டுக்கு. தோற்கவே இல்லை என்றால் முதல் பரிசு. அப்படியானால் மொத்தத் தோல்வி எத்தனை என்பதை நோட்டில் எண்ணாமலே கண்டுபிடிக்கலாம். போன போட்டிகளில் இருந்து முதல் பரிசுகளைக் கழிக்க வேண்டும். நாங்கள் போன நாக் அவுட் போட்டிகள் 138. முதல் பரிசு 17. கேடயங்கள் ஊர்ப் பொது இடமான மந்தையில் அலமாரியில் இருக்கின்றன, போய் எண்ணிப் பார்த்துவிட்டேன். முடியாமலே நின்றுபோன போட்டி 6. அரையிறுதியில் தோற்றவர்களுக்கு மூன்றாம் பரிசு ஆட்டம் வைக்கும் ஊர்களில் இரண்டாவது முறையும் தோற்கலாம், அப்படித் தோற்றது 9. ஆக 138இல் 17 போக, 6 போக, 9 கூட்டினால் 124.

நாம் விட்டுக்கொடுத்த 4 வாக் ஓவரையும் சேர்த்து என் எண்ணிக்கையில் 127 வந்தது. மூன்று அதிகம்.

இரண்டு இரவு தேடினோம். மூன்றும் பயிற்சி ஆட்டங்கள். பக்கத்து ஊர் அணி நம் மைதானத்துக்கு வந்து ஆடியவை, சித்தப்பா ஓரத்தில் சின்னதாகப் "பயிற்சி" என்று எழுதியிருந்தார், நான் கவனிக்கவில்லை. அதே போல நான்கு வெற்றியும் பயிற்சி ஆட்டத்தில் இருந்து வந்திருந்தது. எல்லாவற்றையும் நீக்கினேன். நாம் விட்டுக்கொடுத்த 4 வாக் ஓவரும் போக நாக் அவுட் தோல்வி 120. லீக் முறையில் நடந்த 3 தொடர்களைத் தனியாக எண்ணினோம், 13 ஆட்டம், 6 வெற்றி, 5 தோல்வி, 2 சமன். எல்லாம் சேர்த்து 444 ஆட்டம், 311 வெற்றி, 125 தோல்வி, 2 சமன், 6 முடிவில்லை. நான்கையும் கூட்டினால் 444 வருகிறதா என்று அக்கா மகன் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். வந்தது.

ஆட்டக்காரர் பக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஆள் விவரம் தெரிந்த ஆட்டம் 371. ஒரு ஆட்டத்துக்கு ஏழு பேர் என்றால் 2,597. மாற்றாக இறங்கியது 402 முறை. எல்லார் 'களத்தில்' எண்ணையும் கூட்டினால் 2,999 வர வேண்டும். 2,971தான் வந்தது. குறைந்த 28உம் ஒரே ஆளுடையது. அவருடைய எண்ணை 117க்குப் பதில் 171 என்று அடித்திருந்தோம், 171 என்று யாருமே இல்லை. அந்த 28 ஆட்டம் இல்லாமல் பலகை எழுதியிருந்தால் அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார். அவர் சுபாவம் அது.

வெற்றி சதவீதத்துக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. தோனி இந்தியாவுக்கு 200 ஒருநாள் ஆட்டங்களில் கேப்டன். 110 வெற்றி, 74 தோல்வி, 5 சமன், 11 முடிவில்லை. அந்த 200ஆவது ஆட்டமே 2018இல் துபாயில் ஆப்கானிஸ்தானோடு சமனில்தான் முடிந்தது. நேராக வகுத்தால் 55 சதவீதம். ஆனால் புள்ளிவிவரப் பட்டியல்களில் 59.52 என்று இருக்கும். முடிவில்லாத 11ஐ எடுத்துவிட்டு, சமனுக்கு அரை வெற்றி கொடுத்து, 112.5ஐ 189ஆல் வகுத்தால் அது வரும். அதே வழியில் எங்களுக்கு 312ஐ 438ஆல் வகுத்தேன், 71.2. வாக் ஓவரும் பயிற்சியும் கலந்திருந்த முதல் கணக்கில் 337 வெற்றியை 477ஆல் வகுத்து 70.6 வந்திருந்தது. இரண்டு மாத உழைப்புக்குச் சதவீதம் அரைப் புள்ளி நகர்ந்திருக்கிறது. பலகையில் சதவீதம் எழுதவில்லை. ஊரில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஆட்களின் எண்ணைத்தான் கேட்டார்கள்.

இடது கார்னரில் நின்று ஆடிய மாமாவும் அப்படித்தான் வந்தார். "நானூறுக்கு மேல ஆடிருக்கேன், 287னு சொல்றியேப்பா?" என்றார். அவரை உட்காரவைத்து வருடம் வருடமாகக் காட்டினேன். ஆள் தெரியாத 73 ஆட்டத்திலும் அவர் ஆடியிருந்தால்கூட 360க்கு மேல் போகாது. பேசாமல் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். மேலூரில் தோற்ற ஒரு இறுதி ஆட்டத்தின் பக்கம் வந்ததும் நிறுத்தி, "இதுல என் முழங்கால் போச்சு" என்றார். எண்ணைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1996இல் இருந்து ஆடிய எல்லாருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டோம், இதற்குக் குறையாது என்று அர்த்தம்.

சரி, பலகை. மதுரையில் எட்டுக்கு நாலடி ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), தடிமன் 24 கேஜ், பதினான்கு கிலோ, 1,290 ரூபாய். கடையிலேயே ஆறுக்கு நாலாக வெட்டிக் கொடுத்தார்கள். ஆரப்பாளையத்தில் பஸ்ஸில் ஏற்ற முடியாது, டாடா ஏஸ் 700. ஒரு அங்குல சதுரக் குழாயில் சட்டம், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, 680. வெல்டிங் 500.

மூன்றாவது தப்பு, ப்ரைமர். இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடைத் தகட்டின் மேல் அப்படியே அடித்து, அதன் மேல் கறுப்பு எனாமல். பார்க்க நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. புதுத் தகட்டில் துத்தநாகப் பூச்சு வழவழப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், எனாமல் அதைப் பிடிக்காது. முழுதும் சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, 180 உப்புத்தாளால் மினுமினுப்புப் போகத் தேய்த்து, எப்பாக்ஸி ப்ரைமர் ஒரு லிட்டர், 620 ரூபாய், மெல்லிய இரண்டு கோட். அதற்கு மேல் கறுப்பு. இப்போது ஆணியால் கீறினாலும் உரியவில்லை.

கட்டம் போட, எழுத, மதுரையில் இருந்து ஒரு போர்டு எழுதும் அண்ணனை வரவழைத்தேன். இரண்டு நாள், நாள் ஒன்றுக்கு 1,200. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கையில் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், இவர் இன்னும் எழுதுகிறார். சுண்ணாம்புப் பொடி தொட்ட நூலை இழுத்து அடித்துக் கோடு போட்டார், ஒரு கோடும் பிசகவில்லை. மேலே தலைப்புக்கு ஆறு அங்குலம், மொத்தக் கணக்குக்கு ஆறு அங்குலம், மீதி முப்பத்தாறில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு வரி. இடமும் வலமுமாக 36 பேருக்கு இடம். பெயருக்குப் பதினெட்டு அங்குலம், மூன்று எண் கட்டத்துக்கு ஆறு ஆறு அங்குலம்.

ஓய்வு பெற்றவர்களின் எண்ணைப் பெயிண்டில் எழுதியாயிற்று. இன்னும் ஆடுகிற ஐந்து பேருக்கும் மொத்தக் கணக்குக்கும் எண் மாற வேண்டும். தகடு இரும்புதானே என்று ரப்பர் காந்தத் தாள் 450 ரூபாய்க்கு வாங்கி எண் வெட்டி ஒட்டினேன். இது நான்காவது தப்பு. மெல்லிய தாள், பெயிண்ட் தடிப்பு வேறு. வெயில் ஏறினால் வழுக்கி இறங்கியது. ஒரு காற்றுக்கு ஏழு எண் பறந்தது. அடுத்து நட்டு போல்ட்டுக்கு மாறினேன். எண் ஒன்றுக்கு மூன்று இலக்கம், ஐந்து பேருக்கு 45, மொத்தக் கணக்குக்கு 15, ஆக 60 துளை. அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் கழிவுத் துண்டுகளை வாங்கி ஒன்றேமுக்கால் அங்குலச் சதுரமாக வெட்டி, துளை போட்டு, நானே எண் எழுதினேன். போல்ட்டும் சேர்த்து 380. மேலும் கீழும் துளை போட்டால் ஒரே தகடு 6ஆகவும் 9ஆகவும் ஆகும். இதைக் கண்டுபிடித்தது அக்கா மகன். காற்றில் கடகடவென்று ஆடியது, பின்னால் ஒரு ரப்பர் வாஷர் கொடுத்ததும் நின்றது.

கறுப்பு, வெள்ளை எனாமல், தின்னர், உப்புத்தாள், முதலில் வீணான ப்ரைமர், நியூஸ்பிரிண்ட் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 8,030 ரூபாய். காந்தமும் ரெட் ஆக்சைடும் 660, அது தண்டம். அணி நிதியில் 5,000 கொடுத்தார்கள், மீதி என்னுடையது.

மறுபடி ஒன்று செய்தால், விதிகளை எழுதிய பிறகுதான் முதல் வரியை அடிப்பேன். பெயருக்குப் பதினெட்டு அங்குலம் போதவில்லை, இருபது வேண்டும், இரண்டு பேருக்கு எழுத்தை நெருக்க வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு இரண்டு குறுக்குக் கம்பி கொடுப்பேன், நடுவில் தகடு லேசாக ஆடுகிறது. கீழ் ஓரத்தில் "2020 முதல் 2025 வரை நோட்டு இல்லை" என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். செல்போன் படங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்து அந்த ஆறு வருடத்தை நிரப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். கோப்பையோடு நிற்கிற படம் நிறைய இருக்கிறது, தோற்ற இரவின் படம் ஒன்றுகூட இல்லை. அதை வைத்துக் கணக்குப் போட்டால் நாம் தோற்கவே இல்லை என்று வரும். விட்டுவிட்டேன். இந்தத் தை முதல் புது நோட்டு, எழுதுவது அக்கா மகன். பால் பாயிண்ட் பேனா.

பொங்கலன்று மந்தைச் சுவரில் மாட்டினோம். மறுநாள் காலையில் டைலர் அண்ணன் தனியாக வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அணியில் 212, களத்தில் 38, வெற்றி 29. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல ஒண்ணு தப்பா இருக்குப்பா. நான் ஆடுனது எனக்கு ஒண்ணு ஒண்ணா ஞாபகம் இருக்கு. 37தான்."

நோட்டைக் கொண்டுவந்து வரிசையாகப் படித்தோம். 2008, சோழவந்தான், அரையிறுதி, தோல்வி. 11ஆம் நம்பர் என்று இருந்தது. "அன்னைக்குக் கால் இறுதியில கேப்டனோட பனியன் தோள்ல இருந்து கிழிஞ்சு போச்சு. அடுத்த மேட்சுக்கு என்னோடதக் கழட்டிக் குடுத்தேன். நான் துண்டப் போத்திட்டு உக்காந்திருந்தேன்" என்றார். பார்த்தால் அந்த ஆட்டத்தில் கேப்டன் அண்ணனுடைய 4ஆம் நம்பரே இல்லை. கேப்டன் அண்ணனிடம் கேட்டேன், அவருக்கும் நினைவு இருந்தது.

பிளேடால் 8ஐச் சுரண்டிக் கறுப்பு தொட்டு, காய்ந்ததும் 7 எழுதினேன். கேப்டன் அண்ணனின் 264ஐ 265 ஆக்கினேன். கூட்டுத்தொகை 2,999 அப்படியேதான் இருக்கிறது. பழைய கறுப்பு மங்கலாகவும் புதுக் கறுப்பு பளபளப்பாகவும், வெயில் சாய்ந்து விழும்போது அந்த இரண்டு இடமும் தனியாகத் தெரிகிறது. மேலே இன்னொரு கோட் அடித்துச் சரிசெய்யலாமா என்று அவரிடம் கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.